ஒஸெல்லாவின் கையெழுத்து

டேவனி, மிசிசிப்பி
1964 ஜூன் 2

கர்த்தருக்குள் அன்பான தம்பி வெர்டெலுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தான் ஹோசியாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். பனிக்காலத்தில் உனக்குப் பிடித்த இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

போன வியாழக்கிழமை நீதிமன்றத்துக்குப் போய், வாக்காளராகப் பதிந்துகொள்ள விண்ணப்பம் கொடுத்தேன். முன்னால் சொன்னால் தடுப்பாய் என்றுதான் சொல்லவில்லை. கோபப்படாதே.

பதிவாளர் ஒரு தாளைத் தள்ளினார். மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் பார்த்து எழுதி, அதன் பொருளைக் கீழே விளக்க வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு ஒற்றை வரிப் பிரிவு கொடுக்கிறார்கள். எனக்கு வந்தது ஆற்றங்கரை அணைகளுக்கு வரி போடும் பிரிவு, முக்கால் பக்கம். என் கையெழுத்து உனக்குத் தெரியாததா? ஒரு சுழி பிசகவில்லை. விளக்கமும் ஒரு பக்கம் எழுதினேன். மனிதர் வாயை அசைத்து அசைத்துப் படித்து முடித்தார்.

"தப்பு."

"எது தப்புங்க?"

"அதச் சொல்லிட்டா அப்புறம் பரீட்சை எதுக்கு, ஒஸெல்லா?"

விண்ணப்பித்தவர் பெயரை இரண்டு வாரம் பத்திரிகையில் போட வேண்டும் என்று இங்கே ஒரு சட்டம். யார் வேலையைப் பறிக்கலாம், யார் வீட்டுக்குக் கல்லெறியலாம் என்று தேடி அலைகிறவர்களுக்கு அது வசதி. என் பெயர் வந்தது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை இல்லை என்று தலைமையாசிரியர் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் பிழைப்பும் அவர்கள் கையில்தான், அவரைத் திட்டி என்ன பயன்.

உன் அத்தான் பிழைப்பை மட்டும் அவர்களால் தொட முடியாது. நம் ஆட்கள் சாவதை எந்த வெள்ளைக்காரனும் தடுக்கப்போவதில்லை. நம் பிணத்தைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்க எந்த வெள்ளைக்காரனும் போட்டிக்கு வரப்போவதுமில்லை.

இப்போது மாலையில் தேவாலயத்தில் வகுப்பு எடுக்கிறேன். ஐசம் பெரியவர் வருகிறார். அறுபது வருஷமாகப் பெயர் எழுதச் சொன்ன இடத்திலெல்லாம் ஒரு பெருக்கல் குறி போட்டே பழகியவர். "கீறல் போடறதுக்குக் கோழி போதும், ஐசம் ஐயா. மனுஷன்னா பேரை எழுதணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் மறுநாளும் வந்தார்.

உன் நலம் தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

உன் அக்கா,
ஒஸெல்லா


டெட்ராய்ட்
1964 ஜூன் 20

அன்பு அக்காவுக்கு,

வெர்டெல் வணக்கம். இருமல் போய்விட்டது. வார்ப்படச் சாலையில் இரும்பைக் காய்ச்சி ஊற்றும் இடத்தில் நிற்கிறவனிடம் இருமல் எத்தனை நாள் தங்கும்? அதுவே வெந்துபோய் ஓடிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. அக்கா, அவர்கள் ஓட்டை அவர்களே ஊறுகாய் போட்டுக்கொள்ளட்டும். நீயும் அத்தானும் கிளம்பி இங்கே வாருங்கள். இங்கும் சாவு நடக்கிறது, அத்தானுக்கு வேலைக்குப் பஞ்சமிருக்காது. குளிர் இருக்கிறது, வாடகை இருக்கிறது, ஆனால் ஃபோர்மேன் கத்தினால் திருப்பிக் கத்தலாம்.

நான் அங்கே வர முடியாதது உனக்குத் தெரியும். பருத்தி ஆலை மேஸ்திரி, தாடையில் நான் கொடுத்த தழும்பை ஒன்பது வருஷமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான். உனக்கு ஒன்று என்றால் ஓடிவர முடியாத இடத்தில் இருக்கிறேன். அதை நினைத்தாவது சும்மா இரு.

ஹோசியா அத்தானுக்கு என் அன்பு. "அந்தப் பொம்பளைய வீட்ல கட்டிப்போடு மச்சான்" என்று நான் சொன்னதாகச் சொல். அவர் சிரிப்பார், கட்டிப்போட மாட்டார்.

தம்பி,
வெர்டெல்


டேவனி
1964 ஜூலை 12

அன்பான தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகமே. நீ சுகமென்று நம்புகிறேன்.

சிரிக்கத் தயாராக உட்கார். நல்ல உடுப்புப் போட்டு நீதிமன்றப் பக்கம் போகும் நம்மவர்களின் கார்களை வழியிலேயே டிரக் வைத்து மறிக்கிறார்கள். ஆள் இறங்கினால் அடி. இதற்கு என்ன செய்யலாம் என்று தேவாலயத்தில் பேசிக்கொண்டிருந்தபோது உன் அத்தான் சொன்னார்:

"ஊர்ல ஒரே ஒரு வண்டிய மட்டும் எவனும் மறிக்க மாட்டான். அது என் வண்டி."

யோசித்துப் பார். சவ ஊர்வலம் போனால் இந்த மாநிலத்தில் கொலைகாரனும் வண்டியை ஓரம் கட்டுவான், தொப்பியைக் கழற்றி மார்பில் வைப்பான். பிணம் கறுப்பா வெள்ளையா என்று பார்ப்பதில்லை. நம் கல்லறைத் தோட்டமும் நீதிமன்றம் தாண்டித்தானே இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அத்தான் சவ வண்டியில் ஒரு பெட்டியை ஏற்றி, அதற்குள் மணல் மூட்டை வைத்தார். பின்னால் மூன்று கார், பட்டப்பகலில் விளக்கு எரிய, நாங்கள் கறுப்பு உடுப்பில். ஐசம் ஐயா துக்கம் தாளாமல் தலையைக் குனிந்திருந்தார், உண்மையில் மடியில் சிலேட்டு வைத்துப் பெயர் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். மறிக்கிற டிரக்குக்காரர்களே இறங்கி நின்றார்கள். நாற்சந்தியில் ஷெரிஃபின் ஆள் மற்ற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டான். "உயிரோட இருக்கறப்ப இந்த மரியாதையக் குடுத்திருந்தா நான் ஏன் சாகணும்" என்று அர்ஸுலா முணுமுணுத்தாள். அர்ஸுலா என் பக்கத்து வீட்டுக்காரி, வெள்ளைக்கார எஜமானி மிஸ் லியோராவின் வீட்டில் சமைக்கிறவள். வாய் துடுக்கு, மனசு தங்கம்.

நீதிமன்ற வாசலில் நாங்கள் இறங்கி வரிசையில் நின்றதும் பதிவாளர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனவர் வரவேயில்லை. ஆனாலும் ஒருவரும் அடி வாங்காமல் வீடு திரும்பினோம். வாரத்துக்கு ஒரு சாவு என்று வைத்திருக்கிறோம். அடுத்தது அர்ஸுலாவின் மாமா லூஷியஸ். அவர் சம்மதித்துவிட்டார்.

நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். உன் ஓட்டு யாருக்கு? அங்கே ஓட்டுச் சாவடிக்குள் என்னென்ன இருக்கும், கதவு உண்டா, திரையா? எல்லாம் விவரமாக எழுது. வகுப்பில் கேட்கிறார்கள்.

அக்கா,
ஒஸெல்லா


டெட்ராய்ட்
1964 ஜூலை 30

அன்பு அக்கா,

நலம். உன் கடிதத்தை முடிதிருத்தும் கடையில் சத்தமாகப் படித்தேன். சோப்பு போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்து, கத்தி பட்டு, காதோரம் கொஞ்சம் ரத்தம். அத்தானைக் கும்பிட்டேன் என்று சொல்.

ஆனால் அக்கா, ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் குருடனுக்கும் தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு சாவு அதிகம். நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கேயும் வெயில். நாய்கள்கூட நிழலுக்கு வாடகை கேட்கின்றன. பக்கத்து வீட்டில் பீச் பழம் கொடுத்தார்கள், நம் ஊர்ப் பழத்தின் ருசியில் கால்வாசி இல்லை. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

தம்பி,
வெர்டெல்


டேவனி
1964 செப்டம்பர் 10

அன்பான தம்பிக்கு,

சுகம். நீ சுகமா?

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. பருத்திச் செடி முள் குத்தி வலது கை வீங்கியிருக்கிறது, பேனா பிடிக்க வரவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல அர்ஸுலா எழுதுகிறாள். இவள் எழுத்துப் பிழைக்கு நான் பொறுப்பில்லை. (பிழை இருந்தா படிக்காதீங்க. அடுப்படியை விட்டுட்டு வந்து ஓசியில எழுதறேன். அர்ஸுலா.)

அத்தானுக்கு இப்போது அலைச்சல் இல்லை. நிம்மதியாக இருக்கிறார். உன்னைப் பற்றிக் கடைசியாகப் பேசியபோது, உனக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும் என்றார்.

இங்கே மழை இல்லை. பருத்தி வெடித்துவிட்டது. ஐசம் ஐயா பெயரை முழுதாக எழுதுகிறார். ஊர்வலத்தை நிறுத்திவிட்டோம், நீ சொன்னது சரிதான். வேறு எழுத ஒன்றுமில்லை. (இருக்கு. சொல்ல மாட்டேங்கறா.) இதை அடித்துவிடு என்றால் இவள் அடிக்க மாட்டாள், தம்பி, இவள் பேச்சைப் பொருட்படுத்தாதே.

ஓட்டு யாருக்கு என்று கேட்டேனே, எழுதவில்லையே.

அக்கா ஒஸெல்லா,
அர்ஸுலா கையால்


டெட்ராய்ட்
1964 செப்டம்பர் 22

அக்கா,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

எட்டாம் வயதில் உனக்கு அம்மை போட்டது. அப்போதும் வீட்டுக் கடிதங்களை நீதான் எழுதினாய். அம்மா செத்த அன்றும் நீதான் எழுதினாய். ஒரு முள்ளுக்காகப் பேனாவை இன்னொருத்தி கையில் கொடுக்கிற ஆளா நீ? உன் எழுத்தைப் பார்த்துத்தானே நான் எழுதவே கற்றேன்.

அத்தான் வழக்கமாக ஓரத்தில் இரண்டு வரி கிறுக்குவார். இந்தத் தடவை அது எங்கே? "கடைசியாகப் பேசியபோது" என்றால் என்ன அர்த்தம்?

அர்ஸுலா அம்மா, இதை நீங்கள்தான் படித்துக் காட்டுவீர்கள் என்றால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். என்ன நடந்தது?

வெர்டெல்


டேவனி
1964 அக்டோபர் 3

வெர்டெல் தம்பிக்கு,

அர்ஸுலா எழுதுவது. உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீ திடமாக இருக்க ஆண்டவர் கிருபை செய்யட்டும். உட்கார்ந்து படி.

ஹோசியா இல்லை. ஜூலை மாதமே போய்விட்டார். கொன்றுவிட்டார்கள்.

வினை என் சமையலறையிலிருந்து கிளம்பியது. இரண்டாவது ஊர்வலத்துக்கு, "மாமா லூஷியஸ் தவறிட்டாரு, லீவு வேணும்" என்று மிஸ் லியோராவிடம் கேட்டேன். கொடுத்தாள். சமையல்காரி வீட்டில் சாவு விழுந்தால் எஜமானி அம்மாள் பலகாரம் கொண்டுவந்து துக்கம் கேட்பது இந்த ஊர் வழக்கம். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அன்றைக்கு மறந்து தொலைத்தேன். எங்கள் யாருக்கும் அது நினைவு வரவில்லை. டிரக்குக்கும் ஷெரிஃபுக்கும் யோசித்தோம், ஒரு பன்றித் தொடைக்கு யோசிக்கவில்லை. மறுநாள் அவள் சுட்ட பன்றித் தொடையைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் மாமா உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, உக்காருங்க" என்று நாற்காலியை வேறு துடைத்துப் போட்டிருக்கிறார்.

அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவன் ஷெரிஃபிடம் சொன்னான். அந்தக் கறியை நாங்கள் யாரும் தொடவில்லை.

அடுத்த வாரம் பாலத்தில் ஷெரிஃபின் கார் குறுக்கே நின்றது. பருத்திக்காட்டுக்குள்ளிருந்து ஆட்கள் கோடரிக் காம்புகளோடு வந்தார்கள். நடுமத்தியானம். ஷெரிஃப் தொப்பியைக் கழற்றித்தான் வைத்திருந்தான்.

"யாரு செத்தது, ஹோசியா?"

"ஆத்தங்கரை ஜோப்புங்க."

"லூஷியஸ் செத்த மாதிரியா?"

ஷெரிஃப் பதிலுக்குக் காத்திராமல் பெட்டியைத் திறக்கச் சொன்னான். மணல் மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு, "பெட்டி காலியா இருக்கே. காலிப் பெட்டியோட ஊர்வலம் போறது செத்தவங்களுக்கு அவமரியாதை. நிரப்பிட்டுப் போங்க" என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அங்கேயே அடித்தார்கள். ஐசம் ஐயாவின் காது கிழிந்து தொங்கியது, அந்தப் பக்கம் இன்றுவரை கேட்கவில்லை. என் முன்பல் இரண்டு பாலத்தில் கிடக்கிறது. பிறகு எல்லோரையும் சிறைக்கு ஓட்டிப்போனார்கள். ஹோசியாவைத் தனி அறையில் வைத்தார்கள். அவர் குரல் வெகுநேரம் கேட்டது, அப்புறம் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. படியில் விழுந்து செத்தான் என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்தச் சிறை ஒற்றைத் தளம், தம்பி. அதில் படியே கிடையாது.

உன் அக்காவும் நானும் ஒரே அறையில் இருந்தோம். ஷெரிஃப் வந்து, "நீதானே இவங்களுக்கு எழுதச் சொல்லிக் குடுக்கறது? எழுதற கை எது?" என்றான். இவள் வலது கையை நீட்டினாள். கேட்டால் உள்ளதைச் சொல்லித்தான் பழக்கம், பாவிக்கு. அதை இரும்புக் கதவின் கீல் சந்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். திறந்து மறுபடியும் சாத்தினார்கள். நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எலும்பு உடைந்ததை என் உடம்பில் கேட்டேன்.

"இடதுன்னு சொல்லியிருக்கலாமேடி" என்று அப்புறம் அழுதேன். "தோணலையே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மருத்துவர் இரண்டு விரலை எடுத்துவிட்டார். மீதி மூன்றும் மடங்கியே இருக்கின்றன.

ஹோசியாவை அதே பெட்டியில் அடக்கம் செய்தோம். பாலத்தில் வண்டிகள் ஓரம் கட்டின. தொப்பிகள் கழன்றன. நீதிமன்றப் படியில் நின்ற ஷெரிஃபும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தான். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த வெறியைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

உனக்கு ஏன் சொல்லவில்லை தெரியுமா? நீ வருவாய். வந்தால் சாவாய். அவளுக்கு மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

அர்ஸுலா


டெட்ராய்ட்
1964 அக்டோபர் 8

அக்கா,

தெரிந்துவிட்டது. அர்ஸுலா அம்மாளைத் திட்டாதே.

துப்பாக்கி வாங்கிவிட்டேன். பதினேழாம் தேதி சனிக்கிழமை பஸ். எனக்கு ஒருவன் போதும். அவன் தொப்பியைக் கழற்றட்டும், எந்த இடத்தில் சுட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

வெர்டெல்


டேவனி
1964 அக்டோபர் 11
அவசரத் தபால்

வெர்டெல்,

நலம் விசாரிக்க நேரமில்லை. அர்ஸுலா எழுதுகிறாள், நான் சொல்வதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறாள்.

நீ வரக் கூடாது. நீ வருவதைத்தான் அவர்கள் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்காரியின் தம்பி துப்பாக்கியோடு வந்தான் என்றால் அப்புறம் இந்த ஊரில் நம்மவர்கள் எத்தனை பேரைச் சுட்டாலும் கேட்க நாதி இருக்காது. ஐசம் ஐயாவைச் சுடுவார்கள். இவளைச் சுடுவார்கள். ஹோசியாவை நான் குளிப்பாட்டினேன், ஒற்றைக் கையால். உன்னையும் குளிப்பாட்ட என்னால் முடியாது. முடியாது, தம்பி.

எனக்கும் அவனைக் கொல்ல வேண்டும் போலத்தான் இருக்கிறது. தினம் காலையில் எழுந்து முதலில் அதைத்தான் நினைக்கிறேன். அப்புறம் முகம் கழுவுகிறேன்.

அந்த ஷெரிஃபை யார் அங்கே உட்கார வைத்தது? ஓட்டு. அந்தப் பதிவாளரை? ஓட்டு. நாங்கள் போட முடியாத ஓட்டு. உன் கையில் ஒன்று இருக்கிறது. அதை யாருக்குப் போடுகிறாய் என்று இரண்டு தடவை கேட்டேன், நீ நாயையும் பீச் பழத்தையும் பற்றி எழுதினாய். "உன் தம்பி பதில் எழுதாததுதான்டி பதில்" என்கிறாள் அர்ஸுலா. நீ இன்னும் பதியவே இல்லை என்று எனக்கும் தெரியும். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஹோசியா போகும்வரை.

அந்தத் துப்பாக்கியை விற்றுவிடு.

ஒஸெல்லா


டெட்ராய்ட்
1965 பிப்ரவரி 14

அன்பு அக்காவுக்கும் அர்ஸுலா அம்மாளுக்கும்,

நான்கு மாதமாக எழுதவில்லை. உயிரோடு இருக்கிறேன். உங்கள் நலத்தைக் கேட்கும் யோக்கியதை வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ் நிலையம் வரை போனேன். உன் கடிதம் சட்டைப் பையில், துப்பாக்கி கைப்பையில். பஸ் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை நகர மன்றத்துக்குப் போனேன். வாக்காளர் பதிவு அதற்கு முந்தைய வாரமே முடிந்துவிட்டது. ஜனவரியில் வரச் சொன்னார்கள். ஒன்பது வருஷம் சும்மா கிடந்தது, நான் போனபோது மூடியிருந்தது.

ஜனவரியில் திரும்பப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வெள்ளைக்காரப் பெண். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள். போட்டேன். "அவ்வளவுதான் சார்" என்றாள். நான் நகராமல் நிற்கிறேன். "வேற ஏதாவது வேணுமா சார்?" என்று கேட்டாள். யாரும் என்னை அடிக்கவில்லை, அக்கா. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன், பார்த்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

ஓட்டுச் சாவடி பற்றிக் கேட்டாயே, விசாரித்தேன். உள்ளே கதவு இல்லை. திரைதான். அது மறைத்திருக்கும்போது ஒருவனும் உன்னைப் பார்க்க முடியாது. வகுப்பில் சொல்.

துப்பாக்கியை விற்றுவிட்டேன்.

தம்பி,
வெர்டெல்


டேவனி
1965 ஏப்ரல் 4

அன்பான தம்பிக்கு,

உன் கடிதத்தை அர்ஸுலா மூன்று முறை படித்துக் காட்டினாள். அந்தச் சின்னப் பெண் நன்றாக இருக்கட்டும். திரை என்று வகுப்பில் சொன்னேன்.

வகுப்பு இப்போது மரத்தடியில். தேவாலயத்தைப் போன மாதம் எரித்துவிட்டார்கள். மணி உருகித் தரையில் கட்டியாகக் கிடக்கிறது. மிஸ் லியோரா அர்ஸுலாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள், ஆகவே இப்போது ஹோசியாவின் வண்டியை ஓட்டுவது இவள்தான். (பொணம் எதுவும் இதுவரை குறை சொல்லலை.)

வெள்ளிக்கிழமை நான் மறுபடியும் போனேன். வாய் சொல்ல, இவள் எழுதித் தருவாள் என்று கூட்டிப்போனேன்.

"விண்ணப்பதாரர் சொந்தக் கையால எழுதணும். சட்டம்" என்றார் பதிவாளர்.

"என் கையைப் பாருங்க."

"பாத்தேன். எப்படி ஆச்சு?"

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். நான் இடது கையில் பேனாவை எடுத்தேன். அவர் காத்திருந்தார், ரசித்துக் காத்திருந்தார். வரி எங்கெங்கோ ஓடியது. வியர்வை சொட்டி மை கலைந்தது. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இத யார் படிக்கறது?" என்று கிழித்துப் போட்டார். வலது கை இருந்தபோது பொருள் தப்பு. இடது கைக்கு எழுத்தே தப்பு.

தினமும் காலையில் சமையல் மேஜையில் உட்கார்ந்து இடது கையால் என் பெயரை எழுதிப் பழகுகிறேன். அடுத்த தடவை கையெழுத்துப் போடும்போது அவர் வாயை மூட வேண்டும். என் பெயர் என் கையால் அந்த வாக்காளர் பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஹோசியாவுக்கு நான் வைக்கிற நினைவுக்கல் அதுதான், வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஒஸெல்லா,
அர்ஸுலா கையால்


டேவனி
1965 ஆகஸ்டு 22

தம்பி,

இது என் கை. இடது கை. கோணலைப் பொறுத்துக்கொள். ஞாயிறு தொடங்கினேன், தினம் கொஞ்சம் எழுதுகிறேன்.

நான் சுகம். நீ சுகமாக இரு.

வாஷிங்டனில் சட்டம் வந்தது தெரியும் அல்லவா. பரீட்சை இல்லை. விளக்கம் இல்லை. இனி எந்தப் பதிவாளரிடமும் போக வேண்டாம் என்றார் ஐசம் ஐயா. மத்திய அரசின் ஆட்கள் தபால் நிலைய வாசலில் மேஜை போட்டிருக்கிறார்கள். அவர்களே கேள்வி கேட்டு அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு கையெழுத்து. எழுதத் தெரியாவிட்டால் ஒரு குறி. அதுவும் செல்லும்.

விடிந்ததும் போனோம். அர்ஸுலா ஓட்டினாள். பாலத்தில் ஒரு டிரக் நின்றது. பெட்டி இல்லாமல் போனோம், யாரும் தொப்பியைக் கழற்றவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வரிசை தெரு முனை வரை. எதிர்ப் பக்கம் ஷெரிஃப் காரில் சாய்ந்து நின்றான். என் கையைப் பார்த்தான். நான் மறைக்கவில்லை.

எனக்கு முன்னால் ஐசம் ஐயா. ஏர் பிடிப்பது போலப் பேனாவைப் பிடித்து முழுப் பெயரையும் எழுதினார். ஐசம் க்ரென்ஷா. ஒரு எழுத்தும் சாயவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

என் முறை. பேனா என் கையில். பெயர் தயாராக இருந்தது. நான்கு மாதம் பழகிய பெயர்.

அப்போது திரும்பினேன். வேலியோரம் பெண்கள் ஏழெட்டுப் பேர். பருத்தி பறிக்கிறவர்கள். வரிசையில் சேரவில்லை. வகுப்புக்கு ஒரு நாளும் வராதவர்கள். அர்ஸுலா போய்க் கூப்பிட்டாள். ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது.

"டீச்சரம்மா முன்னால கீறல் போடச் சொல்றியா? கோழின்னு சிரிப்பாங்க. நாங்க போறோம்."

போகத் திரும்பினார்கள்.

தம்பி, அந்தச் சொல் என்னுடையது. அது தேவாலயத்திலிருந்து வேலி வரை நடந்து வந்திருக்கிறது. அதற்குப் பயந்து அவர்கள் ஓட்டை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஷெரிஃப் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை.

தாளைக் கையில் எடுத்தேன். எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துச் சுவரில் வைத்தேன். பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"கோழி போதும்னீங்களே, டீச்சரம்மா" என்றார் ஐசம் ஐயா. கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கோழியாவே இருந்துட்டுப் போறேன். குஞ்சுங்க வேலியில நிக்குது."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். வேலியிலிருந்து ஒருத்தி வந்தாள். அப்புறம் எல்லோரும் வந்தார்கள்.

அரசு ஆள் என் குறிக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினார். திருமதி ஒஸெல்லா டார்ப்ளி என்று எழுதினார். அவர் கையெழுத்து சுமார்தான்.

வீட்டுக்கு வந்து ஹோசியாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தது. அழுதேன். அந்தப் புத்தகத்தில் என் கையெழுத்து இல்லை. அங்கே போடாமல் வைத்திருந்ததை உனக்குப் போடுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

உன் அக்கா,
ஒஸெல்லா டார்ப்ளி